கீழே ஒரு புள்ளி

எங்கள் வீட்டில் ரிமோட் என் மகள் கையில் இருந்தாலும் படத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நைனாவுக்குத்தான். "இரு இரு. பின்னால ஒரு போர்டு போச்சு பாரு, அதைக் காட்டு" என்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் ஓட்டி நிறுத்துவாள். நைனா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டிவிக்கு ஒரு முழம் தள்ளி வந்து நிற்பார். திரையில் மஞ்சள் முகங்கள் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும். அவற்றை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அவற்றுக்குப் பின்னால் இருக்கிற கடைப் பலகையைத்தான் பார்ப்பார்.

"எஸ்ஸு சாஞ்சிகினு கீது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார்.

பார்ப்பது சிம்ப்ஸன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர். ஏழாவது முடித்த மகள் இந்தக் கோடை லீவில் ஹாட்ஸ்டாரில் முதல் சீசனிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். வேலூர் மே மாதத்தில் பதினொரு மணிக்கு மேல் நாய்கூடத் தெருவில் நடக்காது. நானும் மதியம் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையோடு கொஞ்ச நேரம் இவர்களுடன் உட்காருகிறேன்.

நைனா நாற்பது வருஷம் போர்டு ஆர்ட்டிஸ்ட். லாங்கு பஜார் மண்டிகள், ஆற்காடு ரோடு மருந்துக்கடைகள், காட்பாடி பக்கத்து டுடோரியல்கள் என்று அவர் பிரஷ் படாத தெரு குறைவு. நான் வைத்திருப்பது ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை. அவர் தொழிலைத் தின்ற தொழிலில்தான் எனக்குச் சோறு. இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை, பேசவும் போவதில்லை.

அவருக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது. உருதுவும் அப்படியே. வங்காளமும் அப்படியே. தெலுங்கு மட்டும் கொஞ்சம் கூட்டிப் படிப்பார். எங்கள் ஊரில் போர்டு எழுத வேண்டுமானால் இத்தனை லிபியும் கையில் இருக்க வேண்டும். சித்தூர் பக்கத்திலேயே இருக்கிறது, தெலுங்கு வேண்டும். சாயபுமார் கடைகளுக்கு உருது வேண்டும். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கல்கத்தாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் லாட்ஜ், மெஸ், அந்தக் காலத்து எஸ்.டி.டி. பூத் எல்லாவற்றுக்கும் வங்காளம் வேண்டும். உருது எழுதும்போது நைனா ஏணியை வலது ஓரத்தில் போடுவார். வங்காளம் என்றால் முதலில் நூலைச் சாக்பொடியில் தோய்த்து, பலகையில் மேலாக ஒரு கோடு அடித்துக்கொள்வார். அந்தக் கோட்டிலிருந்து எழுத்தெல்லாம் கீழே தொங்கும். "கொடியில துணி காயப்போட்ட மாதிரி" என்பார்.

போன வாரம் பார்த்தது இரண்டாவது சீசனில் வரும் மூன்று கண் மீன் எபிசோடு. 1990 நவம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவில் ஒளிபரப்பானது. இருபது வருஷத்துக்கு முன் சிநேகிதன் வீட்டு கேபிளில் ஸ்டார் வேர்ல்டில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் புரிந்தது மீன் மட்டும்தான்.

கதை சின்னது. ஸ்பிரிங்ஃபீல்ட் அணுமின் நிலையத்தில் வேலை செய்கிறவர் ஹோமர். அதற்குக் கீழே ஓடும் தண்ணீரில் அவர் பிள்ளைகள் பார்ட்டும் லிசாவும் தூண்டில் போடுகிறார்கள். மூன்று கண்ணோடு ஒரு மீன் மாட்டுகிறது. பக்கத்தில் தற்செயலாக ஒரு பத்திரிகை நிருபர். மறுநாள் ஊரெல்லாம் செய்தி. அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள். புளுட்டோனியத் தண்டைக் காகிதத்தின் மேல் கனத்துக்கு வைத்திருக்கிறார்கள், விரிசலைச் சூயிங்கம் வைத்து அடைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சரிசெய்ய 5 கோடியே 60 லட்சம் டாலர் ஆகும் என்கிறார்கள். முதலாளி பர்ன்ஸ் லஞ்சம் கொடுத்துப் பார்க்கிறார், நடக்கவில்லை. சரி, கவர்னர் ஆகிவிட்டால் எது பாதுகாப்பு, எது இல்லை என்று நாமே முடிவு செய்துகொள்ளலாமே என்று தேர்தலில் நிற்கிறார். அங்கே கவர்னரை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இதை நைனாவுக்குப் புரியவைக்கவே பத்து நிமிஷம் ஆனது. "அப்போ நம்மூர்ல முதலமைச்சர்னு சொல்லு" என்று அவரே முடித்துக்கொண்டார்.

மகள் நிறுத்தாமல் நைனாவே எழுந்துபோய் நின்ற இடம் பத்திரிகைத் தலைப்பு வருகிற இடம். ஒரு நொடியோ இரண்டு நொடியோதான் திரையில் இருக்கும். "ஃபிஷின் ஹோலா, ஃபிஷன் ஹோலா?" என்று போட்டிருக்கிறான். முதலாவது, மீன் பிடிக்கிற குட்டை. இரண்டாவது, அணுவைப் பிளக்கிற ஃபிஷன். காதில் கேட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, எழுத்தில்தான் வேறு. மகள் இதை விளக்கியபோது நைனா சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குதுன்னா எய்தினவன் ரெண்டு தடவை பாத்துத்தான் எய்தியிருப்பான்" என்றார். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

இந்த எபிசோடு முழுக்க இப்படித்தான், பின்னால் என்னென்னவோ ஒளித்து வைத்திருக்கிறார்கள். எபிசோடின் பெயரே 1928-இல் ஹூவர் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது அவர் கட்சி சொன்ன "வீட்டுக்கு வீடு அடுப்பில் கோழி, ஷெட்டில் கார்" என்ற வாக்குறுதியைக் கிண்டல் செய்வது. இவர்கள் கோழியை எடுத்துவிட்டு மீனுக்கு மூன்று கண் என்று சேர்த்துவிட்டார்கள். பர்ன்ஸை எதிர்த்து நிற்கும் அம்மாவின் பெயர் மேரி பெய்லி. 1946-இல் வந்த 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் கதாநாயகனின் மனைவி பெயர் அது. அந்தப் படத்தில் ஊரையே கையில் வைத்திருக்கும் பணக்காரக் கிழவன் ஒருவனும் உண்டு. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அமெரிக்காக்காரனுக்கு யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தெரிந்துவிடும். நம் ஊர்ப் படத்தில் ஒருத்திக்குக் கண்ணகி என்று பெயர் வைப்பது மாதிரி.

பர்ன்ஸ் பொதுக்கூட்டத்தில் பேசும்போது பின்னால் அவர் முகமே மாடி உயரத்துக்கு ஒரு படமாகத் தொங்குகிறது. தோற்றுப்போன பிறகு பர்ன்ஸ் ஹோமரின் வீட்டுச் சாமான்களை உடைக்கிறார். இரண்டும் ஆர்சன் வெல்ஸ் 1941-இல் எடுத்த 'சிட்டிசன் கேன்' படத்திலிருந்து அப்படியே. நான் சிட்டிசன் கேன் பார்த்தது சிம்ப்ஸன்ஸ் பார்த்துப் பல வருஷம் கழித்து. கேன் அறையை அடித்து நொறுக்குகிற காட்சியில், எல்லோரும் கனத்த மனதோடு பார்க்க வேண்டிய இடத்தில், எனக்குப் பர்ன்ஸ் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. நகலை முதலில் பார்த்துவிட்டு மூலத்துக்குப் போகிறவர்களின் கதி இதுதான். எம்.ஜி.ஆர். மாதிரி மிமிக்ரி செய்கிறவரைப் பார்த்து வளர்ந்துவிட்டு, பிறகு எம்.ஜி.ஆர். படம் பார்த்த பையன்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மீனை நியாயப்படுத்த பர்ன்ஸ் ஒரு விளம்பரம் எடுக்கிறார். அதில் டார்வின் வேஷம் போட்ட ஒரு நடிகர் வந்து, மூன்றாவது கண் பரிணாம வளர்ச்சி என்கிறார். எனக்கு இந்த எபிசோடிலேயே உறைத்தது அந்த இடம்தான். பாலாற்றுக்காரன் என்பதால் இருக்கலாம்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-இல் திரும்பி வந்துவிட்டார், அந்த ஒன்று தீர்ந்தது. ஆறு அப்படியேதான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் பதனிடுகிற ஷாப்புகள், அவற்றின் கழிவு ஆற்றில். சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன வழக்கு அது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்டது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்ன தீர்ப்பு, இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் எங்கள் ஊர் பெயரைச் சொல்லித்தான் பாடம் நடத்துகிறார்கள். தோல் ஷாப் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுவிட்டது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. ஷாப்புக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள்.

நைனாவிடம் மூன்று கண்ணைக் காட்டினோம். "பரவால்லியே, அவங்க ஆத்துல மீனாவது கீது" என்றார்.

கதை முடிகிற விதமும் நன்றாக இருக்கும். தேர்தலுக்கு முந்தின ராத்திரி, டிவி கேமரா முன்னால், சாதாரண வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி காட்ட பர்ன்ஸ் ஹோமர் வீட்டுக்கு வருகிறார். ஹோமரின் மனைவி மார்ஜ் மூடியைத் திறந்தால் தட்டில் அதே மூன்று கண் மீன். வாயில் வைக்கிறார், இறங்கவில்லை, துப்பிவிடுகிறார். அதோடு தேர்தல் போச்சு. மகளும் அவள் பாட்டியும் ஒரே நேரத்தில் "ஐயே" என்றார்கள். பாட்டிக்கு அதுவரைக்கும் கதையில் அக்கறையே இல்லை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

எந்த மாநிலத்துக்கு கவர்னர் என்று மட்டும் கடைசிவரை சொல்ல மாட்டார்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதையே இத்தனை வருஷமாக மறைத்து வைத்திருக்கிறார்கள். அது ஒரு நீண்ட விளையாட்டு. எங்கள் பக்கம் அது நடக்காது. இங்கே பழைய தகரப் போர்டைக் கண்டால் எந்தக் காலம் என்றே சொல்லிவிடலாம். ஊர்ப் பெயருக்குக் கீழே வ.ஆ.மாவட்டம் என்று இருந்தால் 1989-க்கு முந்தியது. அந்த வருஷம் திருவண்ணாமலையைப் பிரித்தார்கள், இது வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. அப்புறம் வேலூர் மாவட்டம் ஆனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நைனாவுக்கு இரண்டு மாசம் வேலை இருந்தது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கூட்டுறவு சங்கம் என்று ஒரு வரியை மட்டும் அழித்து அழித்து எழுதினார். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போனபோது அந்த வேலை எனக்கு வந்தது. ஒரு வாரத்தில் முடிந்தது, எல்லாம் பிரிண்ட்.

அதே 1989 டிசம்பர் 17-இல்தான் சிம்ப்ஸன்ஸ் முழு எபிசோடாக ஆரம்பித்தது. அந்தக் கார்ட்டூனில் எனக்கு மிகவும் பிடித்த பின்னணி விவரம் திரையில் தெரியாது. கதை எழுதுவது, குரல் கொடுப்பது, ஸ்டோரிபோர்டு போடுவது எல்லாம் லாஸ் ஏஞ்சலஸில். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து, பிளாஸ்டிக் தாளில் ஏற்றி வண்ணம் பூசுவது தென்கொரியாவில், சியோலில். முதல் தடவை அங்கிருந்து வந்த எபிசோடைப் பார்த்துத் தயாரிப்பாளர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்களாம். ஒரு கதவை அறைந்து சாத்தினால் வீடே ரப்பர் மாதிரி வளைந்ததாம். பெரும்பகுதியைத் திரும்ப வரையவைத்து, முதலில் வர வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளி, 1990 மே மாதம்தான் காட்டினார்கள்.

2010 அக்டோபரில் பேங்க்ஸி என்ற தெருச்சுவர் ஓவியர் சிம்ப்ஸன்ஸின் தொடக்கக் காட்சி ஒன்றை அமைத்தார். இருட்டுக் கொட்டகையில் ஆசியத் தொழிலாளிகள் வரிசையாக உட்கார்ந்து இதே கார்ட்டூனை வரைகிற மாதிரி காட்டினார். அதையும் வரைந்தது சியோலில்தான். கூலிக்காரனைப் பற்றிய கேலியைக் கூலிக்காரனையே வரையச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நைனா மட்டும் கேட்டார்: "அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்காது நைனா."

"அப்போ அந்த மீன் தலைப்ப எய்தினவன்?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார், தூரத்துச் சொந்தக்காரனைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி.

இப்போது அந்தக் காரணம். 1998. எனக்குப் பதினாலு வயசு, பள்ளிக்கூடம் விட்டதும் ஏணி தூக்குவேன். ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் ஒரு லாட்ஜ், பெயர் வேண்டாம். மூன்றடிக்கு ஆறடி தகரப் போர்டு. மேலே தமிழ், நடுவில் இங்கிலீஷ், கீழே வங்காளம். தங்க வந்த கல்கத்தாக்காரர் ஒருவரிடம் எழுதி வாங்கி, மேனேஜர் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். ரூம் வாடகை, சமையல் வசதி, அட்டாச்டு பாத்ரூம். நைனா நூல் அடித்து, எனாமலில் எழுதி, ஷேடு கொடுத்து, வலது மூலையில் சின்னதாகத் தன் பெயரையும் 'ஆர்ட்ஸ்' என்பதையும் போட்டு முடிக்க இரண்டு நாள் ஆனது. அந்தக் கையெழுத்து விஷயத்தில் அவர் கறார். கூலியைக் குறைத்துக்கொண்டாலும் கொள்வார், மூலையை விட்டுக்கொடுக்க மாட்டார். (சிம்ப்ஸன்ஸை உருவாக்கிய மேட் கிரேனிங் ஹோமரின் காதோரத் தலைமுடியில் எம் எழுத்தையும் காதில் ஜி எழுத்தையும் ஒளித்துவைத்திருக்கிறார் என்று மகள் காட்டியபோது நைனா அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.)

போர்டு மாட்டின மறுநாள் காலையில் லாட்ஜ் வாசலில் ஐந்தாறு வங்காளிகள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். விசாரித்தால், பாத்ரூம் என்று இருக்க வேண்டிய இடத்தில் ராத்ரூம் என்று இருக்கிறது. வங்காளத்தில் 'ப' மாதிரி ஒலிக்கும் ஓர் எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் அது 'ர' ஆகிவிடுமாம். ராத் என்றால் அவர்கள் பாஷையில் இரவு. ரூமோடு சேர்த்து ஓர் இரவு அறை இலவசம் என்று எவனோ கேலி சொல்ல, அதற்குத்தான் அத்தனை சிரிப்பு.

காகிதத்தை எடுத்துப் பார்த்தோம். அந்த எழுத்துக்குக் கீழே புள்ளி இருந்தது. பேனா வைத்த புள்ளி இல்லை, டீத் துளி. பழுப்பாக, ஓரம் பரவி, கடுகளவு. நைனா அதைப் பார்த்துப் பார்த்து, கச்சிதமாக, வட்டம் பிசகாமல் சிவப்பு எனாமலில் வைத்திருந்தார். "கீறத கீறபடி எய்தறதுதானே வேல" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். லாட்ஜ்காரர் கூலியில் நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரியே டர்பன்டைன் துணியோடு ஏறி, அந்தப் புள்ளியை மட்டும் துடைத்துவிட்டு வந்தோம். கீழே நின்று டார்ச் அடித்தது நான்.

சிம்ப்ஸன்ஸ்காரர்கள் 2002-இல் பிளாஸ்டிக் தாளையும் பெயின்டையும் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் வண்ணம் பூச ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸ் வந்ததும் அதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்குள்தான். அந்த லாட்ஜ் போர்டின் மேலேயே ஒரு ஃப்ளெக்ஸைச் சட்டம் கட்டி மூடினார்கள். அச்சடித்துக் கொடுத்தது என் கடை.

போன வியாழக்கிழமை லாட்ஜ்காரர் மகன் கூப்பிட்டு, எல்.இ.டி. எழுத்து வைக்க வேண்டும், பழையதை எல்லாம் கழற்று என்றார். நாலு தடவை மாற்றின ஃப்ளெக்ஸ், அதன் சட்டம், எல்லாவற்றையும் பையன்கள் இறக்கினார்கள். பின்னால் தகரம். வெயில் படாமல் இருந்ததால் நிறம் அவ்வளவு வெளுக்கவில்லை. வங்காள வரியில் அந்த எழுத்துக்குக் கீழே லேசாக ஒரு வட்டத் தழும்பு. துடைத்த இடம். போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மதியம் நைனாவிடம் காட்டினேன். மகள் பாஸ் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். நான் பெரிதாக்கி அந்தத் தழும்பில் கொண்டுபோய் வைத்தேன். அவர் என் விரலைத் தள்ளிவிட்டு, படத்தைத் தானே நகர்த்தி, வலது மூலைக்குப் போனார். அங்கே துரு தின்றது போக 'ர்ட்ஸ்' மட்டும் மிச்சம் இருந்தது.

"ஷேடு நிக்குது பாரு" என்றார். பிறகு மகளிடம், "நீ ஓட்டு."